131 கிலோவில் இருந்து மறுபடி ரிங்குக்கு: எட்டு மாதம் போதுமா?

வேலந்தாவளத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 33. கல்லூரி நாட்களிலும் அதற்குப் பிறகு கொஞ்ச காலமும் பாக்ஸிங்கில், 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் மாநில அளவு வரை ஆடியவர். விட்டு ஏழு வருடம் ஆகிறது. நடுவில் கடை, கல்யாணம், கடன், நாலு வருடமாக அநேகமாகத் தினமும் குடி. போன மாதம் நிறுத்திவிட்டீர்கள், இரண்டு தடவை வழுக்கியதைத் தவிர. இப்போது 131 கிலோ, சர்க்கரை 'பார்டரில் இருக்கிறது' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் ஹெவிவெயிட் பாக்ஸர் டைசன் ஃபியூரி மலை மாதிரி இருந்த உடம்பைக் கரைத்துவிட்டுத் திரும்பவும் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்து, எட்டு மாதத்தில் ரிங்குக்குத் திரும்ப என்ன டயட், என்ன ஒர்க்அவுட் என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். டயட் ஒரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. 'காலையில் எழுந்திருக்கவே தோணல' என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பழைய ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானா என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. அதற்குச் சொல்லிப் பார்க்கிறேன், டயட் நடுவில் தானாக வரும்.

முதலில் என்னைப் பற்றி. ராணுவத்தில் பாக்ஸிங் ஆடியவன். பிறகு பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். பயிற்சியாளர் படிப்பு முடித்தேன். ஓய்வு பெற்ற பின் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் குடோனில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் 'மாஸ்டர்' என்பார்கள், மீதிப் பேர் 'மாஷே' என்பார்கள். டாக்டர் இல்லை. இதயம், ஈரல், சர்க்கரை பற்றி நான் சொல்வதெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து, டாக்டர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கை, கால், மூச்சு, கண் பற்றிச் சொல்வது முப்பது வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்தது. இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிடாதீர்கள்.

சரி, ஃபியூரிக்கு வருவோம். 2015 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் விளாடிமிர் கிளிச்கோவைத் தோற்கடித்தபோது அவருக்கு 27 வயது. ஒன்பது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்த சாம்பியனை அசைத்த மனிதர், அடுத்த ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வில் விழுந்தார். குடி, கொகெயின், சாவைப் பற்றிய நினைப்பு எல்லாவற்றையும் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2016 அக்டோபரில் சாம்பியன் பெல்ட்டுகளை விட்டுக்கொடுத்தார். எடை சுமார் 180 கிலோவைத் தொட்டது. 2017 அக்டோபர் கடைசியில் ஒரு பார்ட்டியில் இருந்து பாதியில் வீட்டுக்கு வந்ததுதான் திருப்பம் என்று அவர் சொல்வார். 2018 ஜூன் 9 அன்று மான்செஸ்டரில் ரிங்குக்குள் ஏறினார். உங்கள் எட்டு மாதக் கணக்கு இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

ஆனால் அந்த ஜூன் மாதச் சண்டை எப்படிப்பட்டது என்று பாருங்கள். எதிரில் நின்ற செஃபர் செஃபெரி பெரும்பாலும் ஒரு படி கீழே, குரூசர்வெயிட்டில் ஆடியவர், ஃபியூரியைவிட சுமார் முப்பது கிலோ குறைவு. நடுவில் பார்வையாளர் கூட்டத்தில் அடிதடி நடந்தபோது ஃபியூரி ரிங்குக்குள் நின்றபடியே அதை வேடிக்கை பார்த்தார். நாலு ரவுண்டு முடிந்ததும் செஃபெரியின் கார்னரில் இருந்த அவருடைய ஆட்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் பத்து ரவுண்டு இன்னொரு எளிதான ஆளுடன். அப்புறம்தான் டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போதைய சாம்பியன் டியான்டே வைல்டர். பன்னிரண்டாவது ரவுண்டில் மல்லாக்க விழுந்து, எண்ணி முடிப்பதற்குள் எழுந்தாரே, எல்லோர் போனிலும் சுற்றிய காட்சி, அது அந்தச் சண்டை. முடிவு டிரா. சாம்பியன் பட்டம் மறுபடி கைக்கு வந்தது 2020 பிப்ரவரியில். பார்ட்டியில் இருந்து வீட்டுக்கு வந்த இரவில் இருந்து கணக்குப் போட்டால் இரண்டே கால் வருடத்துக்கு மேல். அதுவும் முப்பதைத் தாண்டாத வயதில் ஆரம்பித்து, வேறு வேலை எதுவும் இல்லாமல், பயிற்சியாளர் நாள் முழுக்கக் கூடவே இருந்து.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. கிளிச்கோ சண்டையில் ஃபியூரியின் எடை சுமார் 112 கிலோ. திரும்பி வந்த முதல் சண்டையில் 125. வைல்டருடன் டிரா ஆனபோது 116. வைல்டரை ஏழாவது ரவுண்டில் நிறுத்தி பெல்ட்டை வாங்கியபோது 124. அதாவது திரும்பி வந்த பிறகு அவருடைய ஆகப் பெரிய வெற்றி கிடைத்தது, முதல் நாள் ஏறியபோது இருந்த எடைக்கு ஒரு கிலோ வித்தியாசத்தில். இரண்டுக்கும் நடுவில் மாறியது தராசு காட்டுவதில்லை. 63 கிலோப் பிரிவில் ஆடும் பையனுக்குத் தராசு ஒரு வாத்தியார். அரைக் கிலோ கூடினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. தொழில்முறையில் ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோவுக்கு மேல், மேலே கூரையே கிடையாது. எவ்வளவு போட்டாலும் யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். ஹெவிவெயிட்காரர்கள் விட்டால் இப்படி ஊதிப்போவதற்கும், திரும்பும்போது தராசையே கடவுளாகப் பிடித்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தராசை நம்பிக் கெட்டவர்கள் கதை பழையது. ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸ் 1905-இல் தோல்வியே இல்லாமல் விலகிப் பண்ணை பார்க்கப் போனார், 300 பவுண்டுக்கு மேல் ஆனார். ஐந்து வருடம் கழித்து இழுத்து வந்தார்கள். கிட்டத்தட்ட 45 கிலோ இறக்கினார், படத்தில் பார்த்தால் சிலை மாதிரி இருப்பார். நடுவில் ஒரு சின்னச் சண்டைகூட ஆடாமல் 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் நேராக அப்போதைய சாம்பியன் ஜாக் ஜான்சன் முன்னால் போய் நின்றார். பதினைந்தாவது ரவுண்டில் தோற்றார். முகமது அலி இன்னும் வலிக்கிற கதை. 1980-இல் அவர் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சி ஆட்டம் ஆடினார். போய்ப் பார்த்துவிட்டு வந்த என் மாமா, 'ஆளு உடம்பு போட்டுட்டாருப்பா' என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருடம் அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸுடன் ஏறியபோது அலி 99 கிலோவுக்கும் குறைவு, பல வருடங்களில் அவருடைய மிகக் குறைந்த எடை. பார்க்க இளமையாக இருந்தார். எடை இறங்கியதில் தைராய்டு மாத்திரைக்கும் பங்கு உண்டு என்பது பிறகு தெரிந்தது. பத்து ரவுண்டு வாங்கிக்கொண்டே இருந்தார். கார்னரில் இருந்த ஆஞ்சலோ டண்டிதான் நிறுத்தினார்.

இவர்களுக்கு நேர் எதிர் முன்னாள் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன். 1977-இல் விட்டார், பத்து வருடம் போதகராக இருந்தார், 300 பவுண்டைத் தாண்டினார். 1987 மார்ச்சில் 121 கிலோவோடு, வயிறு தெரியத் திரும்பி வந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் பாட்டுக்குச் சின்னச் சின்ன ஆட்களாகப் பார்த்து 24 சண்டை ஜெயித்த பிறகுதான் 1991-இல் ஹோலிஃபீல்டுடன் பட்டத்துக்கு ஆடினார். அதில் புள்ளிகளில் தோற்றார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை வாங்கினார். திரும்பி வந்து ஏழரை வருடம் கழித்து! படம் எடுப்பவர்கள் இந்த ஏழரை வருடத்தை ஒரு பாட்டில் முடித்துவிடுவார்கள்.

இப்போது நான் செய்த தப்பு ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் வந்தார். வாளையாறு வழியாக லோடு ஓட்டுபவர், 36 வயது, நல்ல பாக்ஸராக இருந்தவர், ஐந்து வருட இடைவெளி, 118 கிலோ. நாலு மாதத்தில் 14 கிலோ இறக்கினார். பேக்கில், அதாவது தொங்கும் குத்துப் பையில், அவர் அடிக்கும் அடி குடோன் தகரத்தில் எதிரொலிக்கும், எதிர் டீக்கடையில் இருந்து எட்டிப்பார்ப்பார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த 24 வயதுப் பையனோடு மூன்று ரவுண்டு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, விட்டேன், 'டச் மட்டும்' என்று சொல்லித்தான். முதல் ரவுண்டு அழகாகப் போனது. இரண்டாவதில் பையன் ஒரே இடத்தில் மூன்று முறை ஜாப், முன்கையால் போடும் நேர்க்குத்து, வைத்தான். மூன்று தடவையும் இவர் கண் இமைத்தது அடி விழுந்த பிறகு. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பெல் அடிக்கவில்லை. நாலாவது ஜாபுக்குப் பின்னாலேயே வலது கை வந்தது. அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டமாதிரி உட்கார்ந்தார், இடது கை மட்டும் இன்னும் கன்னத்தருகே கார்டில் இருந்தது. சிரித்துக்கொண்டே, 'எதுல மாஸ்டர் விழுந்தேன்?' என்று கேட்டார்.

மூன்று வாரம் தலைவலி. எதிரே வரும் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ராத்திரி வண்டி எடுக்க முடியவில்லை. அந்த மூன்று வார வாடகைப் பணம் போனதற்கு நான்தான் காரணம். 14 கிலோ என் கண்ணையும் மறைத்துவிட்டது.

இதில் இருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது, எது எந்த வரிசையில் திரும்பி வரும் என்பது. மூச்சு முதலில் வரும். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் போக ஆரம்பிப்பதும் அதுதான், ஒழுங்காக உழைத்தால் இரண்டு மாதத்தில் 'பரவாயில்லையே' என்று சொல்ல வைப்பதும் அதுதான். அடுத்து பலம். சதை சீக்கிரம் தேறிவிடும், ஆனால் சதையை எலும்போடு கட்டும் நாண்கள் தேற மாதக்கணக்கில் ஆகும். திரும்பி வருகிற ஆட்களுக்கு நாலாவது, ஐந்தாவது மாதத்தில் தோளும் குதிகால் நாணும் போவது இதனால்தான். அப்புறம் நேரம் பிடிக்கும் கணக்கு: எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்தே எந்தக் கை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிவது. இது பேக்கில் வராது, கண்ணாடி முன்னால் வராது. மெதுவாக, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடில் ஆரம்பித்து, ஆள் முன்னால் நின்றால்தான் வரும். அதில் ஹெவிவெயிட்டுக்குக் கூடுதல் ஆபத்து, ஒரே ஒரு அடியைத் தவறவிட்டால் போதும்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பயிற்சி செய்த சதை பழையதை ஞாபகம் வைத்திருக்கும், புது ஆளைவிடச் சீக்கிரம் தேறும் என்பது. என் அனுபவம் ஆமாம் என்கிறது, அதன் உள்விவரம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கழுத்தை வலுவாக்கினால் மூளை அதிர்ச்சி குறையும் என்பது இன்னொன்று. எல்லாப் பயிற்சியாளரும் நம்புகிறோம், செய்ய வைக்கிறோம், ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அடி தாங்கும் தாடை, நீங்கள் 'சின்' என்று எழுதியது, போனால் திரும்பி வருமா? வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அடி வாங்கி வாங்கிப் போனவர்கள். உங்களை மாதிரி அடி வாங்காமல் வெறுமனே விட்டவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஏழு வருடம் ரிங்கில் இல்லாதது உங்கள் தலைக்கு நல்லதாகக்கூட இருந்திருக்கலாம், குடியைக் கழித்துப் பார்த்தால்.

குடியில் இருந்துதான் தொடங்க வேண்டும். போன மாதம் நிறுத்தியதற்குக் கை கொடுக்கிறேன். ஆனால் மறுபடி தினமும் என்று ஆகிவிட்டால், ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ரொம்ப நாள் தினமும் குடித்தவர் சட்டென்று விட்டால் இரண்டு நாலு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரை போகும். உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் நிறுத்த வேண்டிய விஷயம் அது. குடி, போதையில் இருந்து மீட்கும் கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் மையம் இருக்கிறது. அந்த 'எழுந்திருக்கத் தோணல' வரிக்கு 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஃபியூரி ஓடத் தொடங்கியதை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அவர் மனநல மருத்துவரிடமும் உதவி தேடிப் போனவர். கூடவே இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ஈரல் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை. எக்கோவை வலியுறுத்திச் சொல்கிறேன். நீண்ட நாள் குடி இதயத் தசையையே தளர்த்திவிடும், படி ஏறும்போது மூச்சு வாங்குவதை 'எடையால்தான்' என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வோம்.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், உங்களுக்கே தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ. முதல் மாதம் அதிகம் இறங்கும், அதில் பாதி தண்ணீர், ஏமாறாதீர்கள். மட்டை அரிசிச் சோறே இருக்கட்டும், அளவைப் பாதியாக்குங்கள், மீனும் முட்டையும் பயறும் கூடட்டும். பொரோட்டா பீஃபை நிறுத்தச் சொன்னால் மறுநாள் பாதிப் பேர் வருவதில்லை. அதனால் பீஃப் இருக்கட்டும், பொரோட்டா போகட்டும் என்பது எங்கள் கூடத்துச் சட்டம். பனங்கள் உணவுதான், மது இல்லை என்று சித்தூர் தாலுகாவில் ஒரு வாதம் உண்டு, அதை என்னிடம் கொண்டுவர வேண்டாம். பிளாஸ்டிக் சூட் போட்டு வியர்க்கிற வேலை கூடவே கூடாது. 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒரு மாதச் சொச்சத்துக்குள் இப்படி எடை இறக்கப்போய் இறந்தார்கள், அதுவும் குளிர்காலத்தில். இங்கே பாலக்காட்டில் மார்ச் பிறந்தால் 40 டிகிரி.

ஓடவும் வேண்டாம், ஸ்கிப்பிங்கும் வேண்டாம், 110-க்குக் கீழே வரும் வரை. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் உடம்பு எடையைப் போலச் சில மடங்கு. ஒரு கிலோ குறைந்தால் முட்டிக்கு நாலு கிலோ குறைந்த மாதிரி. வாய்க்கால் கரையில் விடிகாலை நாற்பது நிமிடம் நடை, சைக்கிள், தண்ணீர் இருந்தால் நீச்சல். வீட்டில் நிழல் குத்து, அதாவது ஷேடோ, மூன்று நிமிடம் மூன்று ரவுண்டு. அதில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். ஜாப் போன கை போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்புகிறதா, இல்லை இடுப்பு வழியாகச் சுற்றி வருகிறதா? விட்டுப்போன எல்லோருக்கும் அது தொங்கி வரும். அது நேராகும் வரை பேக் தொட வேண்டாம்.

ஸ்பாரிங் ஒரு வருடம் கழித்து. இதில் நம் பக்கத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் கூடங்களில் எல்லாம் 50, 60 கிலோப் பையன்கள்தான். 110 கிலோ ஆளுக்கு ஜோடி கிடையாது. சின்னப் பையனோடு விட்டால் அவனுக்கு ஆபத்து, உங்களுக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் போய், எடைக்கு எடை ஆள் பார்த்து, பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் மட்டும்.

ஆக எட்டு மாதத்துக்கு என் பதில், ரிங்குக்குப் போதாது. ஆனால் எட்டாவது மாதத்தில், எக்கோ சரியாக இருந்து, குடியும் விட்டிருந்தால், நீங்கள் 105 கிலோ பக்கத்தில் இருக்கலாம், மூன்று ரவுண்டு பேட் அடிக்கலாம். அப்போது உங்களுக்கே தெரியும் மேற்கொண்டு போவதா இல்லையா என்று. அமெச்சூர் எலீட் பிரிவுக்கு மேல் வரம்பு 40 வயது, அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. ஆடாமல் அங்கேயே நின்றுவிட்டாலும் அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த லாரி டிரைவர் இன்றைக்கும் வருகிறார், ஸ்பாரிங் இல்லை, பையன்களுக்கு பேட் பிடிக்கிறார். அவர் பிடித்தால் எங்கள் பசங்கள் என்னிடம் வரமாட்டேன் என்கிறார்கள்.

பரணில் பழைய கிளவுஸ் இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஏழு வருடத்தில் உள்ளே இருக்கும் பஞ்சு கட்டிதட்டிப்போயிருக்கும், உங்கள் கைதான் உடையும். வேலந்தாவளத்தில் இருந்து இங்கே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் குடோன் திறந்திருக்கும். கைக்கட்டுத் துணி ஒரு ஜோடியும் எக்கோ ரிப்போர்ட்டும் கொண்டுவாருங்கள்.